கோகோவும் கொஞ்சம் கருப்பட்டியும்

அல்வாவை எடுத்த விரலில் நெய் பளபளக்கவில்லை என்றால் திருநெல்வேலியில் அதை அல்வா என்று யாரும் ஒப்புக்கொள்ள மாட்டார்கள். சம்பா கோதுமையை ஊறவைத்து, ஆட்டிப் பால் எடுத்து, சீனிப்பாகில் ஊற்றி, நெய் கக்கும்வரை கிண்ட வேண்டும். நெய்யைக் குறைத்தால் களிதான் வரும். அதனால் அல்வாவில் நான் கை வைப்பதில்லை. எப்போதாவது சாப்பிடுவோம், சாப்பிடுகிற அன்றைக்கு நல்லதாகவே சாப்பிடுவோம் என்று அதை அதன் போக்கில் விட்டுவிட்டேன்.

சாக்லேட் கதை வேறு. அது தினசரிப் பண்டமாகிவிட்டது. பாளையங்கோட்டையில் எந்தத் தெருவுக்குள் போனாலும் யாராவது ஒரு வீட்டில் பிரவுனி சுட்டு விற்கிறார்கள். பிள்ளைகளின் பிறந்தநாளுக்குச் சாக்லேட் கேக், பள்ளிக்கூட டப்பாவில் சாக்லேட் பிஸ்கட், சாயங்காலக் காப்பிக்கு ஒரு துண்டு பிரவுனி. அடிக்கடி கைக்கு வருகிற பண்டத்தைத்தான் இலேசாக்கிக்கொள்ள வேண்டும். கொழுப்பையும் சீனியையும் பாதியாகக் குறைத்தாலும் கோகோ தன் ருசியை விட்டுக்கொடுக்காது. நம் ஊர் நாக்குக்கு அது நன்றாகவே பிடிக்கும் என்பதையும் பல வருஷமாக வீட்டில் சுட்டுப் பார்த்துத் தெரிந்துகொண்டேன். அதைத்தான் விவரமாக எழுதுகிறேன்.

முதலில் கனம் எங்கே இருக்கிறது என்று பார்த்துவிட வேண்டும். ஒரு கிராம் கொழுப்பில் 9 கலோரி. ஒரு கிராம் மாவுச்சத்திலும் சீனியிலும் 4. கடையில் வாங்கும் பால் சாக்லேட்டில் ஏறக்குறைய பாதி சீனி, மூன்றில் ஒரு பங்குக்குக் கொஞ்சம் குறைவாகக் கொழுப்பு. அதனால்தான் 100 கிராமுக்கு 530 கலோரிக்கு மேல் வருகிறது. “டார்க் சாக்லேட் நல்லது” என்று சொல்லி 70 சதவீதச் சாக்லேட்டுக்கு மாறுகிறவர்கள் உண்டு. அதில் சீனி குறையும், ஆனால் கொழுப்பு கூடும். 100 கிராமுக்கு 600 கலோரியை நெருங்கிவிடும். கசக்கிறது என்பதற்காக ஒரு பண்டம் இலேசாகிவிடாது.

ருசி எங்கே இருக்கிறது என்பது அடுத்த கேள்வி. கோகோ விதையில் பாதிக்கு மேல் கொழுப்பு, அதுதான் கோகோ வெண்ணெய். வாயில் வைத்ததும் உருகுகிற சுகம் அதிலிருந்து வருகிறது. சாக்லேட்டின் கருப்பு, கசப்பு, ருசியில் பெரும்பங்கு எல்லாம் மீதிப் பாதியில் இருக்கிறது. 1828-இல் நெதர்லாந்தில் வான் ஹூட்டன் குடும்பத்தார் கோகோவைப் பிழிந்து கொழுப்பைப் பிரிக்கும் முறைக்குக் காப்புரிமை பெற்றார்கள். செக்கில் எள்ளை ஆட்டி எண்ணெய் எடுத்தபின் பிண்ணாக்கு மிஞ்சுகிற மாதிரி, அங்கே மிஞ்சிய கட்டியைப் பொடித்தால் கோகோ பவுடர். கடைகளில் சாதாரணமாகக் கிடைப்பதில் 10 முதல் 12 சதவீதம்தான் கொழுப்பு, கொஞ்சம் விலை கூடியதில் 20 முதல் 22 வரை இருக்கும். குறைந்த கொழுப்புள்ளதில் 100 கிராமுக்கு சுமார் 230 கலோரி, எடையில் மூன்றில் ஒரு பங்கு நார்ச்சத்து. ருசி முழுக்கப் பவுடரில் இருக்கும்போது, மாவுக்குள்ளே சாக்லேட் கட்டியை உருக்கி ஊற்றுவதில் எனக்கு அர்த்தம் தெரியவில்லை. உள்ளே பவுடர், தேவைப்பட்டால் வெளியே மெல்லிசாக நல்ல சாக்லேட். என் அடுப்படியில் இதுதான் விதி.

இனி கருப்பட்டி. இதைக் கொஞ்சம் நின்று பேச வேண்டும். இந்தப் பக்கம் கருப்பட்டியைப் பற்றி அன்போடுதான் பேசுவோம், நானும் அப்படித்தான். உடன்குடிக் கருப்பட்டியை உடைக்கும்போது வருகிற வாசம் எனக்கு வேறு எந்த இனிப்பிலும் கிடைத்ததில்லை. கருப்பட்டிக் காப்பி குடித்து வளர்ந்த வீடு எங்களுடையது. உளுந்தங்களி, ஓலைக்கொழுக்கட்டை, சில்லுக்கருப்பட்டி என்று சின்ன வயது முழுக்க அதன் வாசம்தான். ஆனால் இப்போது எந்தக் கண்காட்சிக்குப் போனாலும் “கருப்பட்டி பிரவுனி, சர்க்கரை நோயாளிகளும் சாப்பிடலாம்” என்று எழுதிவைத்து விற்பதைப் பார்க்கிறேன். என் மதினிக்கு இரண்டு வருஷமாகச் சுகர். நான் சுட்டதை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு கேட்டாள்:

“ஏட்டி, இது கருப்பட்டி போட்டதுதான? சுகருக்கு ஒண்ணும் செய்யாதுல்லா?”

“செய்யும் மதினி. கருப்பட்டியும் இனிப்புதான். ஒரு துண்டு எடுத்துக்கிடுங்க, அதுக்கு ராத்திரி சோத்தைக் குறைச்சுக்கிடுங்க.”

“அப்பம் எல்லாரும் நல்லதுன்னு சொல்லுதாங்களே?”

நல்லதுதான், ஆனால் எதில் நல்லது என்று சொல்ல வேண்டும். பதநீரைக் காய்ச்சி இறுக்கினால் கருப்பட்டி. அதில் பெரும்பங்கு சீனியில் உள்ள அதே சுக்ரோஸ்தான். தாதுச்சத்து கொஞ்சம் இருக்கிறது, மறுக்கவில்லை. ஒரு துண்டு கேக்கில் சேர்கிற பத்துக் கிராம் கருப்பட்டியிலிருந்து அது எவ்வளவு வந்துவிடப்போகிறது? உலக சுகாதார நிறுவனம் 2015-இல் சொன்ன கணக்குப்படி, சேர்த்துக்கொள்ளும் இனிப்பிலிருந்து வருவது நாளின் மொத்தக் கலோரியில் 10 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும், 5 சதவீதத்துக்குள் இருந்தால் இன்னும் நல்லது. 2000 கலோரி சாப்பிடுகிறவருக்கு அது 50 கிராம், முடிந்தால் 25 கிராம். சீனி, வெல்லம், தேன், கருப்பட்டி எல்லாம் இந்தக் கணக்குக்குள்தான் வரும். பனைமரத்திலிருந்து வந்தது என்பதால் உடம்பு தனிக்கணக்கு எழுதாது.

அப்புறம் ஏன் கருப்பட்டி? ருசிக்காக. சீனிக்கு இனிப்பு மட்டும்தான் உண்டு. கருப்பட்டிக்குப் புகை வாசமும் இலேசான உப்பும் அடித்தொண்டையில் ஒரு துவர்ப்பும் உண்டு. கோகோவோடு சேர்ந்தால் இரண்டும் ஒன்றையொன்று தூக்கிவிடும். அதனால் வழக்கமாக 200 கிராம் சீனி போடுகிற இடத்தில் 120 கிராம் கருப்பட்டி போட்டாலே வாய் குறை சொல்லாது. இலேசாவது அந்த 80 கிராமை விட்டதால்தான். 200 கிராம் சீனிக்குப் பதில் 200 கிராம் கருப்பட்டி போட்டுவிட்டு “ஆரோக்கியம்” என்று பெயர் வைத்தால் ஒரு கலோரியும் குறைந்திருக்காது. இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன்: சந்தையில் சீனி கலந்து காய்ச்சிய கருப்பட்டி நிறையவே ஓடுகிறது. தெரிந்த ஆளிடம், பதநீர் இறக்கும் மாதங்களில் வாங்கிச் சேர்த்துவைப்பது நல்லது. மழைக்காலத்தில் அது கசிந்து ஒழுகும், டப்பாவை இறுக மூட வேண்டும்.

நான் அடிக்கடி சுடுகிற கேக் இது. 120 கிராம் கருப்பட்டியை நுணுக்கி 120 மில்லி தண்ணீரில் கரையவிட்டு ஒரு கொதி வந்ததும் இறக்க வேண்டும். வடிகட்டாமல் எதிலும் சேர்க்கக் கூடாது. எவ்வளவு நல்ல கருப்பட்டியானாலும் மண்ணும் ஓலைத்தூசியும் கொஞ்சம் அடியில் தங்கும். 30 கிராம் கோகோ பவுடரை ஒரு பாத்திரத்தில் சலித்து வைத்து, கொதிக்கக் கொதிக்க அந்தக் கரைசலை அதன்மேல் ஊற்றிக் கட்டியில்லாமல் கலக்க வேண்டும். இந்த ஒரு வேலையை யாரும் தவிர்க்க வேண்டாம். பச்சைப் பவுடரை மாவோடு கலந்து சுடுவதைவிட, சூடான தண்ணீரில் விரிந்த கோகோவில் வாசம் பல மடங்கு எழும்பும். கோகோவில் உள்ள மாவுச்சத்தும் தண்ணீரை இழுத்துக் கொழகொழப்பாகி, வெண்ணெய் இல்லாத குறையைக் கொஞ்சம் ஈடுகட்டும். ஒரு சிட்டிகை உப்பும், இருந்தால் கால் டீஸ்பூன் சுக்குப்பொடியும் இப்போதே சேர்க்கலாம்.

அது கை பொறுக்கும் சூட்டுக்கு ஆறியதும் 100 கிராம் தயிர், ஒரு முட்டை, இரண்டு டேபிள்ஸ்பூன் செக்கு நல்லெண்ணெய். நல்லெண்ணெயா என்று முகம் சுளிக்கிறவர்கள் உளுந்தங்களியை நினைத்துக்கொள்ளுங்கள். கருப்பட்டியும் நல்லெண்ணெயும் சேர்ந்த வாசம் இந்த மண்ணில் பொம்பளைப் பிள்ளைகள் எல்லாருக்கும் தெரிந்த வாசம். அதில் கோகோவும் சேர்ந்தால் எள்ளின் கசப்பு கோகோவின் கசப்புக்குள் அடங்கிவிடுகிறது. தேங்காயெண்ணெய் ஊற்றினால் ருசி நன்றாக இருக்கும், ஆனால் 25 டிகிரிக்குக் கீழே அது உறைந்துவிடும். ஃப்ரிட்ஜில் வைத்த கேக்கை எடுத்தால் கட்டையாக இருக்கும். நல்லெண்ணெய் உறையாது, கேக் மெத்தென்றே இருக்கும்.

120 கிராம் கோதுமை மாவும் அரை டீஸ்பூன் சமையல் சோடாவும் சேர்த்துச் சலித்து, ஈரக்கலவையில் கொட்டி, மாவு மறையும்வரை மட்டும் கிளற வேண்டும். கொழுப்பு அதிகமான மாவில் எவ்வளவு அடித்தாலும் அந்தக் கொழுப்பு மாவின் பசையைப் பிடித்து நிறுத்திவிடும். இங்கே இரண்டு ஸ்பூன் எண்ணெய்தான், அடித்தால் சப்பாத்தி மாவாக இறுகிவிடும். சோடா தயிரின் புளிப்போடு சேர்ந்ததும் பொங்கத் தொடங்கிவிடும், அதனால் கலந்தவுடன் ஏழு அங்குலத் தட்டில் ஊற்றி 170 டிகிரியில் வைத்துவிட வேண்டும். 25 முதல் 30 நிமிஷம். குச்சி குத்திப் பார்த்தால் ஈரத்துணுக்குகள் ஒட்ட வேண்டும், சுத்தமாக வந்தால் ஏற்கெனவே தாமதம். கொழுப்புக் குறைந்த கேக்குக்கு அந்த மூன்று நான்கு நிமிஷம்தான் உயிர்.

இதைப் பன்னிரண்டு துண்டாகப் போட்டால் ஒரு துண்டுக்கு சுமார் 110 கலோரி. 115 கிராம் வெண்ணெய், 200 கிராம் சீனி, 100 கிராம் சாக்லேட், இரண்டு முட்டை, மைதா என்று வழக்கமான பிரவுனி சுட்டு அதையே பன்னிரண்டாகப் போட்டால் துண்டுக்கு 200-ஐத் தாண்டும். பாதிதான் ஆகிறது. இது பிரவுனி போலப் பல்லில் ஒட்டாது. கேக்காகத்தான் இருக்கும், அதைச் சொல்லித்தான் கொடுக்க வேண்டும். சுட்ட அன்றைக்கு இருப்பதைவிட மறுநாள் இன்னும் நன்றாக இருக்கும். கருப்பட்டி ஈரத்தை இழுத்துவைத்துக்கொள்ளும் குணம் உடையது.

முட்டை சேர்க்காத வீடுகளில் முட்டைக்குப் பதில் சர்க்கரைப் பூசணியை ஆவியில் அவித்து மசித்து நாலு டேபிள்ஸ்பூன் போடலாம். வாழைப்பழமும் போடலாம். ஆனால் வாழைப்பழம் போட்டால் கோகோ பின்வாங்கி வாழைப்பழக் கேக் முன்னே வந்துவிடுகிறது. எனக்குப் பூசணிதான் பிடிக்கிறது.

கோகோ பவுடர் வாங்கும்போது பொட்டலத்தின் பின்பக்கத்தைக் கட்டாயம் படியுங்கள். சேர்மானத்தில் அமிலச் சீராக்கி என்று எழுதி 500 அல்லது 501 என்ற எண் இருந்தால், அது காரம் சேர்த்துப் பதப்படுத்திய கோகோ. நிறம் கருக்க இருக்கும், கசப்பு மட்டுப்பட்டிருக்கும். எண் எதுவும் இல்லாமல் வெறும் கோகோ மட்டும் இருந்தால் அது இயற்கையான புளிப்புள்ளது, நிறம் செம்மண் பக்கம் இருக்கும். பதப்படுத்தியதில் புளிப்பு போய்விடுவதால் சோடாவைக் கால் டீஸ்பூனாகக் குறைத்து அரை டீஸ்பூன் பேக்கிங் பவுடர் சேர்க்க வேண்டும், இல்லாவிட்டால் சோப்பு ருசி தட்டும். நான் இயற்கையானதையே வாங்குகிறேன். காரம் சேர்த்துப் பதப்படுத்தும்போது ஃபிளவனால் என்கிற துவர்ப்புச் சத்து நிறையக் குறைந்துவிடுகிறது என்பது ஒரு காரணம். கருப்பட்டிக்கு அந்தப் புளிப்பு பொருந்துகிறது என்பது இன்னொரு காரணம், எனக்கு அதுதான் பெரிசு.

அதேபோல “காம்பவுண்ட்” என்று கட்டிகட்டியாக மலிவாகக் கிடைப்பதையும் பின்பக்கம் பார்த்துத்தான் வாங்க வேண்டும். அதில் கோகோ வெண்ணெய்க்குப் பதில் கெட்டிப்படுத்திய தாவரக் கொழுப்பு, பெரும்பாலும் பனைவித்து எண்ணெய். உருகுவதும் உறைவதும் எளிது என்பதால் வீட்டில் தொழில் செய்கிறவர்கள் வாங்குகிறார்கள், அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். 2024-இல் உலகச் சந்தையில் கோகோ விலை முதன்முறையாக டன்னுக்குப் பத்தாயிரம் டாலரைத் தாண்டியது. உலகக் கோகோவில் பாதிக்கு மேல் தருகிற ஐவரி கோஸ்ட்டிலும் கானாவிலும் விளைச்சல் பொய்த்ததுதான் காரணம். அந்த விலைக்கு எல்லாரும் நல்ல சாக்லேட் வாங்க முடியாது. ஆனால் வீட்டுக்கென்று செய்யும்போது, அரைக் கிலோ காம்பவுண்டுக்குப் பதில் நூறு கிராம் நல்ல சாக்லேட்டும் ஒரு பொட்டலம் கோகோவும் வாங்கினால் செலவும் கட்டுப்படும், வயிற்றுக்கும் நல்லது.

தூத்துக்குடி 1986 வரை திருநெல்வேலி மாவட்டத்துக்குள்தான் இருந்தது, ஆகவே மக்ரூனை எங்கள் பண்டம் என்று சொல்ல எனக்கு உரிமை உண்டு. இலேசான பலகாரம் என்றால் என்ன என்று இந்த வட்டாரத்துக்கு யாரும் புதிதாகச் சொல்லித்தர வேண்டியதில்லை என்பதற்கு அதுவே சாட்சி. முட்டை வெள்ளைக்கரு, சீனி, முந்திரி, மூன்றே பொருள். வெண்ணெய் இல்லை, எண்ணெய் இல்லை, மாவு இல்லை. மீதியெல்லாம் காற்று. போர்த்துக்கீசியர் வழியாக வந்தது என்று சொல்வார்கள். முந்திரியே அவர்கள் கொண்டுவந்து இறக்கிய மரம்தான். கூம்பு கூம்பாக, வாயில் வைத்ததும் கரைகிற அந்த மக்ரூனில் கோகோ சேர்த்தால் எப்படி இருக்கும் என்பதுதான் என் அடுப்படியில் மிக அதிகமாகப் பாடுபட்ட விஷயம்.

சிக்கல் இதுதான்: வெள்ளைக்கரு நுரைக்குக் கொழுப்பு ஆகாது. பாத்திரத்தில் ஒரு துளி எண்ணெய்ப் பசை இருந்தாலும் நுரை எழும்பாது. கோகோவில் பத்துப் பன்னிரண்டு சதவீதம் கொழுப்பு இருக்கிறதே! அதனால் நுரை முழுசாக எழும்பிக் கெட்டியாகி, பாத்திரத்தைக் கவிழ்த்தாலும் விழாத பதத்துக்கு வந்தபிறகுதான் கோகோவைச் சேர்க்க வேண்டும். அதுவும் சலித்து, கரண்டியால் மடித்து மடித்து, பத்துப் பன்னிரண்டு மடிப்புக்குள் முடித்துவிட வேண்டும். இரண்டு வெள்ளைக்கருவுக்குப் பொடித்த சீனி 100 கிராம், முந்திரிப்பொடி 60 கிராம், கோகோ 10 கிராம். பாத்திரத்தை எலுமிச்சை மூடியால் துடைத்துவிட்டு, நுரை வெளுத்து வரத் தொடங்கியதும் சீனியை ஒவ்வொரு ஸ்பூனாகப் போட்டு அடிக்க வேண்டும். முந்திரியை விட்டு விட்டு அரைக்க வேண்டும், ஒரேயடியாக ஓடவிட்டால் எண்ணெய் விட்டுவிடும். சின்னச் சின்னக் கூம்பாக வைத்து 110 டிகிரியில் ஒன்றரை மணி நேரம். இது சுடுவதைவிடக் காயவைப்பதுதான். அடுப்பை அணைத்தபின் உள்ளேயே ஆறவிட்டால் நடுவரை மொறுமொறுவென்று வரும்.

இதில் சீனியைக் குறைக்க முடியாது, கருப்பட்டியும் போட முடியாது. நுரையைத் தாங்கி நிற்பதே அந்தச் சீனிதான், கருப்பட்டியின் ஈரம் அதைக் கரைத்துவிடும். ஆனால் இந்த அளவுக்கு முப்பது கூம்பு வரும். ஒன்றில் சுமார் 25 கலோரிதான். சீனி நிறைந்த பண்டமும் இலேசாக இருக்க முடியும், ஒவ்வொன்றும் போதுமான அளவு சின்னதாக இருந்தால். இரண்டு எடுத்தால் காப்பிக்குப் போதும். மதினிக்கு நான் கேக்கைவிட இதைத்தான் கொடுக்க விரும்புகிறேன், எண்ணிக் கொடுக்கலாம். ஐப்பசி, கார்த்திகை மழையில் மட்டும் இது நிற்காது. ஆறின உடனே காற்றுப் புகாத டப்பாவுக்குள் போகாவிட்டால் சாயங்காலத்துக்குள் பிசுபிசுத்துவிடும்.

பிள்ளைகளுக்குக் கேப்பையில் ஒரு சாக்லேட் புட்டிங். 25 கிராம் கேப்பை மாவையும் 25 கிராம் கோகோவையும் கொஞ்சம் தண்ணீரில் கரைத்து, அரை லிட்டர் பாலில் ஊற்றிக் கெட்டியாகும்வரை காய்ச்சி இறக்கி, நன்றாக ஆறிய பிறகு 60 கிராம் கருப்பட்டியில் காய்ச்சிய பாகை வடிகட்டிச் சேர்க்க வேண்டும். கொதிக்கும் பாலில் கருப்பட்டியைப் போட்டால் திரிந்துவிடும் என்பது பொங்கல் பாயசம் வைக்கிற எல்லாருக்கும் தெரியும். நாலு கிண்ணம் வரும், கிண்ணத்துக்கு 165 கலோரி போல. கோதுமைப் பாலின் மாவுச்சத்துத்தான் அல்வாவுக்கு உடம்பு கொடுக்கிறது. இங்கே அந்த வேலையைக் கேப்பை செய்துவிடுகிறது, க்ரீம் தேவைப்படவில்லை.

விருந்துக்கு யாராவது வந்தால் நான் செய்வது இன்னொன்று. சொன்னால் நம்ப மாட்டார்கள்: சாக்லேட்டும் தண்ணீரும் மட்டும். உருகிய சாக்லேட்டில் ஒரு சொட்டுத் தண்ணீர் விழுந்தால் மண் மாதிரி இறுகிவிடும் என்று எல்லாரும் பயமுறுத்துவார்கள், அது உண்மையும்கூட. ஆனால் ஒரு சொட்டுக்குத்தான் அந்த ஆபத்து. தண்ணீர் நிறையச் சேர்ந்தால் சாக்லேட்டின் கொழுப்பு அதற்குள் பால்போலக் கலந்துகொள்ளும். பிரெஞ்சு வேதியியலாளர் எர்வே திஸ் 1995-இல் இதை ஒரு முறையாகவே சொல்லிவைத்தார். க்ரீமை அடிப்பதுபோலச் சாக்லேட்டையே அடிக்கலாம் என்பதுதான் அவர் கண்டது. 70 சதவீதச் சாக்லேட் 100 கிராமுக்கு 90 மில்லி தண்ணீர். நான் தண்ணீருக்குப் பதில் இனிப்புப் போடாத சுக்கு மல்லிக் காப்பியை ஊற்றுகிறேன். இரண்டையும் சேர்த்துச் சூடுகாட்டி உருக்கி, பாத்திரத்தை ஐஸ்கட்டி போட்ட தண்ணீர்மேல் வைத்து முட்டை அடிக்கும் கம்பியால் அடிக்க வேண்டும். இரண்டு மூன்று நிமிஷம் ஒன்றும் நடக்காது, பிறகு திடீரென்று கெட்டிப்படும். கம்பியில் கோடு நின்றவுடன் நிறுத்திவிட வேண்டும். அதிகம் அடித்துத் திரிதிரியாகிவிட்டால் மறுபடி சூடாக்கி உருக்கி மறுபடி அடிக்கலாம், ஒன்றும் வீணாகாது. நாலு சின்னக் கிண்ணம், கிண்ணத்துக்கு 150 கலோரி. சுக்கின் காரம் கடைசியில் தொண்டையில் ஏறும். முட்டையும் இல்லை, க்ரீமும் இல்லை, ஜெலட்டினும் இல்லை. இதற்குக் காம்பவுண்டை வாங்காதீர்கள், கோகோ வெண்ணெய் உள்ள நல்ல சாக்லேட்டே வேண்டும்.

கொறிக்க என்றால் திருக்கார்த்திகைப் பொரி உருண்டைதான். பொரியில் முதலிலேயே கோகோவையும் ஏலக்காய்ப் பொடியையும் தூவிப் புரட்டி வைத்துக்கொண்டு, தண்ணீரில் போட்டால் கல்லாக இறுகி டங்கென்று சத்தம் கேட்கிற கருப்பட்டிப் பாகை அதன்மேல் ஊற்றி, சூட்டோடு பிடிக்க வேண்டும். நிலக்கடலையில் செய்யலாமே என்பார்கள். கோவில்பட்டிக் கடலைமிட்டாய் எனக்கும் உயிர். ஆனால் கடலையில் 100 கிராமுக்கு 560 கலோரிக்கு மேல். கடலையும் முந்திரியும் பேரீச்சையும் கோகோவும் சேர்த்து அரைத்து உருட்டி “சீனியில்லா எனர்ஜி பால்” என்று சொல்வது, ஒன்றோடு நிறுத்துகிறவருக்கு நல்லது. தட்டில் வைத்து டிவி பார்க்கிற வீட்டுக்கு ஆகாது. பொரியில் பாதி இடத்தைக் காற்று அடைத்துக்கொள்கிறது, கை நிறைய எடுத்தாலும் கனம் குறைவு.

கடைசியாக வெளியே பூசுகிற சாக்லேட். நம் வெயிலில் இதுதான் பெரிய பாடு. கோகோ வெண்ணெய் ஆறு விதமாக உறையக்கூடியது. அதில் ஐந்தாவது விதம்தான் பளபளப்பாக, டக்கென்று உடைகிற மாதிரி வரும், அது உருகுவது 34 டிகிரிக்குப் பக்கத்தில். சித்திரை வெயிலில் இங்கே வீட்டுக்குள்ளேயே அந்தச் சூடு இருக்கும். அந்த ஐந்தாவது விதம் வர வேண்டுமென்றால் டார்க் சாக்லேட்டை 45 டிகிரிக்கு உருக்கி, 27, 28-க்கு இறக்கி, மறுபடி 31, 32-க்குக் கொண்டுவர வேண்டும். அறையே 36-இல் இருந்தால் எதை எங்கே இறக்குவது? குற்றாலத்தில் சாரல் விழுகிற ஆனி, ஆடியில் தென்காசிப் பக்கம் தங்கை வீட்டுக்குப் போகும்போது இந்த வேலையை வைத்துக்கொள்கிறேன். பாளையங்கோட்டையில் என்றால் மார்கழி, தை மாதத்து விடியற்காலை. கொட்டை நீக்கிய பேரீச்சையைப் பாதிவரை முக்கி எடுத்து, ஒரு தட்டுதட்டி உபரியை வழியவிட்டால் ஒன்றுக்கு மூன்று கிராம்தான் ஒட்டும். பல்லுக்கு அந்த மெல்லிய ஓடு போதும். நல்ல சாக்லேட்டுக்குச் செலவழித்த காசு முழுக்க நாக்கில் தெரிகிற இடம் அதுதான்.

உறைந்தபின் ஃப்ரிட்ஜில் வைப்பதானால் டப்பாவை இறுக மூடி வையுங்கள், எடுத்ததும் திறக்காதீர்கள். குளிர்ந்த சாக்லேட்டின்மேல் வெளிக்காற்றின் ஈரம் வேர்த்துப்போய், சீனி கரைந்து காய்ந்து வெள்ளை பூத்துவிடும். அரைமணி நேரம் மூடியபடியே வெளியே இருந்தால் போதும். ஊருக்குக் கொடுத்தனுப்ப வேண்டியிருந்தால், பங்குனி தொடங்கி ஆனி வரைக்கும் முக்கி எடுத்த எதையும் நான் பஸ்ஸில் ஏற்றுவதில்லை. அந்த மாதங்களில் சென்னைக்கும் கோயம்புத்தூருக்கும் போவது மக்ரூனும் பொரி உருண்டையும்தான்.